மலிவான சொகுசுக் கார், மறைந்து வரும் கடன்கள்

பிரிட்டனில் ஒரு சிறிய புதிய குடும்பக் காரின் விலைக்கு, ஒரு காலத்தில் செல்வந்தர்கள் மட்டுமே வாங்க முடிந்த, கூரை திறக்கும் அதிவேக சொகுசுக் கார் ஒன்றை இன்று வாங்கிவிட முடியும்.

2001 ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடீஸ் பென்ஸ் நிறுவனம் காட்சிக்கு வைத்த எஸ்.எல். 55 ஏ.எம்.ஜி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்ட 5.4 லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின். தொடக்கத்தில் 476 குதிரைத் திறன், பின்னர் 500. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.7 வினாடிகள். ஒரு பொத்தானை அழுத்தினால் 16 வினாடிகளில் மடிந்து பின்பெட்டிக்குள் போய்விடும் கூரை. புதிதாக விற்கப்பட்டபோது பிரிட்டனில் அதன் விலை 90,000 பவுண்டுகளை ஒட்டி இருந்தது. இன்று அதில் நான்கில் ஒரு பங்கு விலைக்கும், சில வேளைகளில் அதற்குக் குறைவாகவும் அது விற்பனைக்கு வருகிறது.

இளவயதில் இத்தகைய கார்களைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த பலர், வீட்டுக் கடன் குறைந்து பிள்ளைகளும் வளர்ந்துவிட்ட நிலையில், இந்த விலையைக் கண்டு சேமிப்பை எடுக்க முன்வருகின்றனர். ஆசையில் தவறில்லை. ஆனால் குறைந்தது வாங்கும் விலை மட்டும்தான் என்பதும், அந்தக் காரை ஓட வைப்பதற்கான செலவு 90,000 பவுண்ட் காருக்குரிய செலவாகவே நீடிக்கிறது என்பதும் பலருக்கு முதல் பழுதுக்குப் பின்னரே தெரியவருகிறது.

இரண்டு விதமான கடன்கள்

பழைய சொகுசுக் கார் ஒன்று கைமாறும்போது அதனுடன் இரண்டு விதமான கடன்கள் சேர்ந்து வரக்கூடும். ஒன்று, முந்தைய உரிமையாளர் அந்தக் காரின் பேரில் வாங்கித் திருப்பிச் செலுத்தாத பணக் கடன். மற்றது, அவர் செய்யாமல் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகள். முதலாவதைக் கண்டுபிடிக்கப் பதிவேடுகள் உண்டு. இரண்டாவதற்கு அப்படி எதுவும் கிடையாது. பெரும்பாலானோரின் சேமிப்பைக் கரைப்பதும் இந்த இரண்டாவது கடன்தான்.

அது எவ்வாறு சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. முதல் உரிமையாளர் பெரும்பாலும் வசதி படைத்தவர், அல்லது காரை நிறுவனத்தின் செலவில் வைத்திருப்பவர். உத்தரவாதக் காலத்தில் உரிய நேரத்தில் எல்லாம் செய்யப்படும். விலை வீழ்ச்சியின் பெரும்பகுதியையும் அவரே ஏற்றுக்கொள்கிறார். இரண்டாவது உரிமையாளரும் ஓரளவு செலவு செய்வார். மூன்றாவது, நான்காவது உரிமையாளர்கள் வரும்போது, காரை வாங்கப் போதுமான பணம் வைத்திருந்தவரிடம் அதைப் பராமரிக்கப் போதுமான பணம் இல்லை என்ற நிலை உருவாகிறது. மாற்ற வேண்டிய எண்ணெய் மாற்றப்படுவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அதைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு விற்பனைக்கு விளம்பரம் கொடுக்கப்படுகிறது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் பழுதான காரை எலுமிச்சை என்பார்கள்; கட்டுரையின் தலைப்பும் அதுவே. விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் சராசரியான ஒரு விலையைத்தான் தர முன்வருகிறார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க அதன் சொந்தக்காரருக்கு மனம் வராது. அவர் சந்தையிலிருந்து விலகிக்கொள்கிறார். எஞ்சுவது எலுமிச்சைகள். சில ஆய்விதழ்கள் வெளியிட மறுத்த இந்தக் கட்டுரையின் ஆசிரியருக்கு, எஸ்.எல். 55 அறிமுகமான அதே 2001 ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

சாதாரணக் கார்களைவிடச் சொகுசுக் கார்களுக்கு இந்த விளக்கம் கூடுதலாகப் பொருந்துகிறது. சாதாரணக் காரில் மறைந்திருக்கும் குறை சில நூறு பவுண்டுகளில் முடியலாம். எஸ்.எல். போன்ற காரில் ஒரே ஒரு குறையைச் சரிசெய்வதற்கான செலவு காரின் விலையில் கணிசமான பங்காகிவிடும்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கார்

எஸ்.எல். 55 இன் என்ஜின் பொதுவாக உறுதியானது என்றே பெயர் பெற்றுள்ளது. சூப்பர்சார்ஜரின் கிளட்ச் பேரிங் தேய்வதும், அது அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் சிறிய நீர் பம்ப் செயலிழப்பதும் நன்கு அறியப்பட்ட குறைகள். இந்தப் பம்ப் நின்றுவிட்டால் காற்று சூடாகி, என்ஜின் தானாகவே தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். கார் பழுதடைந்ததாகத் தோன்றாது. அதன் வேகம் மட்டும் காணாமல் போயிருக்கும். ஆனால் இவை சமாளிக்கக்கூடிய செலவுகள். உண்மையான ஆபத்து என்ஜினில் அல்ல, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மூன்று அமைப்புகளில் இருக்கிறது.

முதலாவது, ஏ.பி.சி. என்ற சஸ்பென்ஷன். வளைவுகளில் கார் சாய்வதைத் தடுக்க, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள உருளைக்குள் பம்ப் ஒன்று மிக உயர்ந்த அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்துகிறது. பம்ப், அழுத்தத்தைச் சேமிக்கும் உருண்டைகள், வால்வுத் தொகுதிகள், நீண்ட குழாய்கள் ஆகிய அனைத்தும் வயதாக ஆகத் தேய்பவை. இதில் வேறொரு சிக்கலும் உண்டு. குழாய் கசிந்து எண்ணெய் குறைந்த நிலையிலும் காரை ஓட்டினால் பம்ப் தேய்ந்து, உலோகத் துகள்கள் அமைப்பு முழுவதும் பரவிவிடும். அதன் பின்னர் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. இரவு முழுவதும் நிறுத்தி வைத்த காரின் ஒரு மூலை மட்டும் காலையில் தாழ்ந்து கிடந்தால், வால்வுத் தொகுதியில் கசிவு இருக்கிறது என்று பொருள். இதனால்தான் விற்பவர் வீட்டுக்கு முன்னறிவிப்புடன் மதியம் செல்வதைவிட, என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் சென்று பார்ப்பது பயனுள்ளது. வரும் முன்னரே என்ஜின் சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, எஸ்.பி.சி. எனப்படும் மின்னணு பிரேக். வழக்கமான கார்களில் பிரேக் மிதியை அழுத்தும் விசை எண்ணெய்க் குழாய்கள் வழியாக நேரடியாகச் சக்கரங்களுக்குச் செல்லும். இதில் மிதி ஒரு மின்னணுச் செய்தியை மட்டுமே அனுப்புகிறது. அழுத்தத்தை உருவாக்குவது தனியான ஒரு பம்ப். அமைப்பு செயலிழந்தால் பழைய முறையில் முன் சக்கரங்கள் மட்டும் பிரேக் பிடிக்கும். 2004 மே மாதம் இந்த பிரேக் தொடர்பாக எஸ்.எல்., இ-கிளாஸ் வகைகளைச் சேர்ந்த 6 லட்சத்து 80 ஆயிரம் கார்களை நிறுவனம் திரும்ப அழைக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு மின்னணு மற்றும் பிரேக் கோளாறுகளுக்காக 13 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. 2006 இல் இ-கிளாஸ் வகையில் இந்தத் தொழில்நுட்பம் கைவிடப்பட்டது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது என்னவெனில், பிரேக் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பதை இந்தப் பம்ப் எண்ணிக்கொண்டே இருக்கும். குறித்த எண்ணிக்கை வந்ததும் மாற்றச் சொல்லி எச்சரிக்கும். பம்ப் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்பது அதனால் அவசியம்.

மூன்றாவது, கூரை. அதை மடிக்கும் ஹைட்ராலிக் உருளைகளும் குழாய்களும் கசியத் தொடங்கினால் கூரை மெதுவாக நகரும், அல்லது பாதியில் நின்றுவிடும். விற்பவர் ஒருமுறை இயக்கிக் காட்டுவது போதாது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை திறந்து மூடச் சொல்ல வேண்டும்.

கூரையைவிடப் பெரிய எதிரி மழை நீர். இந்த வகைக் கார்களில் பின்பெட்டிக்குள் கசியும் நீர் தாழ்வான மூலைகளில் தேங்குகிறது. கதவுப் பூட்டுகளை இயக்கும் காற்று பம்ப் இருக்கும் இடமும் அதுவே. விலையுயர்ந்த மின்னணுப் பெட்டிகளும் ஒரு மின்கலமும் கூடப் பின்பெட்டிப் பகுதியில்தான் உள்ளன. பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் பளபளக்கும் வண்ணத்தைச் சுற்றி வந்து பார்ப்பவர்கள் இதைச் செய்வதில்லை.

போர்ஷே நிறுவனத்தின் 911 கேப்ரியோலே வகைகளுக்கு வேறு விதமான வரலாறு உண்டு. 1990களின் இறுதியில் வந்த 996 எனும் தலைமுறையின் சாதாரண என்ஜின்களில், இடைத் தண்டு ஒன்றைத் தாங்கும் பேரிங் உடைந்து, முழு என்ஜினையும் நாசமாக்கிய சம்பவங்கள் நிகழ்ந்தன. இதில் பாதிக்கப்பட்ட கார்கள் சிறுபான்மையே. எனினும் அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான கார்கள் தொடர்பில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2013 இல் சமரசத்தில் முடிந்தது. அதே தலைமுறையின் டர்போ வகையில் இருப்பது வேறு என்ஜின். அதற்கு இந்தக் குறை இல்லை. விளம்பரத்தில் இரண்டும் 911 என்றே எழுதப்பட்டிருக்கும். போர்ஷே கார்களில் வேறொரு வசதியும் உண்டு. என்ஜின் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழற்றப்பட்டிருந்தால் அதன் கணினி அதைப் பதிவு செய்து வைத்திருக்கும். தகுந்த கருவி வைத்திருக்கும் வல்லுநர் அதைப் படித்துச் சொல்வார்.

காகிதங்கள் சொல்லும் கதை

பராமரிப்புக் கடனுக்குப் பதிவேடு இல்லை என்றாலும் தடயங்கள் உண்டு. பிரிட்டனில் மூன்று ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. எனும் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். வட அயர்லாந்தில் நான்கு ஆண்டுகள். சோதனைகளின் வரலாற்றை அரசின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தேர்ச்சியா தோல்வியா என்பதைவிட, ஒவ்வொரு ஆண்டும் பதிவான மைல் எண்ணிக்கையும், சோதனையாளர் எழுதிய அறிவுரைகளும் முக்கியமானவை. ஒரே அறிவுரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால், அந்த உரிமையாளர் எத்தகையவர் என்பது விளங்கிவிடும். மைல் எண்ணிக்கை ஒரு ஆண்டில் குறைந்திருந்தால், மேலே பேச எதுவும் இல்லை.

ஆனால் எம்.ஓ.டி. சான்றிதழை உடல்நலச் சான்றிதழாக எண்ணுவது தவறு. என்ஜின், கிளட்ச், கியர்பெட்டி ஆகியவற்றின் நிலையை அந்தச் சோதனை ஆராய்வதில்லை. சர்வீஸ் புத்தகத்தில் உள்ள முத்திரைகளையும் முழுமையாக நம்ப முடியாது. முத்திரையைவிட, என்ன பாகம் மாற்றப்பட்டது, எந்தத் தேதியில், எத்தனையாவது மைலில் என்று விவரிக்கும் பணிமனை ரசீதுகளே மதிப்புடையவை. பருமனான ரசீதுக் கோப்பு உள்ள காருக்குச் சில ஆயிரம் பவுண்டுகள் கூடுதலாகத் தருவது பெரும்பாலும் சிக்கனமே. வாங்குவதற்கு முன், அந்த வகைக் காரை மட்டுமே கையாளும் வல்லுநர் ஒருவரிடம் சில நூறு பவுண்டுகள் செலவில் சோதித்துக்கொள்வதும் அப்படியே. சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்கத் தேவையில்லை.

பணக் கடன் விடயத்தில் சட்டம் சற்று விசித்திரமானது. முதலில், வி-5-சி எனப்படும் பதிவு ஆவணம் உரிமைப் பத்திரம் அல்ல. காரின் பதிவுபெற்ற பொறுப்பாளர் யார் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. உரிமைக்குச் சான்றல்ல என்று அதிலேயே அச்சிடப்பட்டுள்ளது. தவணைக் கொள்முதலில் வாங்கப்பட்டு, கடன் தீராத காரை ஒரு தனிநபர் ஏதுமறியாமல் நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தால், 1964 ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் அவருக்கு உரிமையை வழங்கிப் பாதுகாக்கிறது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லாக் புக் கடன் எனப்படும் மற்றொரு வகை அடமானம் உண்டு. விக்டோரியா மகாராணி காலத்தில், 1878 இலும் 1882 இலும் இயற்றப்பட்ட சட்டங்களின்கீழ் இது வருகிறது. இதில் ஏதுமறியாமல் வாங்கியவருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. கடன் கொடுத்த நிறுவனம் அவரிடமிருந்து காரைக் கொண்டுபோக முடியும். இந்தச் சட்டங்களை மாற்றச் சட்ட ஆணைக்குழு பரிந்துரைத்தது. அரசு 2018 இல் அந்த முயற்சியைக் கைவிட்டது. கட்டணம் செலுத்திப் பெறும் வாகன வரலாற்று அறிக்கையில் நிலுவைக் கடன், திருட்டு, காப்புறுதி நிறுவனம் காரைக் கைவிட்ட விவரம் ஆகியவை இடம்பெறும். 2017 அக்டோபருக்குப் பின் கைவிடப்பட்டு, மீண்டும் சாலைக்கு வர அனுமதியுள்ள கார்கள் எஸ், என் என இரு பிரிவுகளில் குறிக்கப்படுகின்றன; எஸ் என்றால் உடற்கூடே சேதமடைந்தது என்று பொருள்.

நீதிமன்றம் வகுத்த எல்லை

பழைய சொகுசுக் காரை வாங்குபவர் எதை எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கு 1988 ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் வெளியான இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் நல்ல விளக்கம் தருகின்றன. ஒன்றில், 37,000 மைல்கள் ஓடிய மெர்சிடீஸ் ஒன்று 14,850 பவுண்டுகளுக்கு வாங்கப்பட்டது. 800 மைல்கள் ஓடிய பின் என்ஜினின் வால்வுகள் எரிந்துபோயின. பழுதுபார்க்க 635 பவுண்டுகள் செலவாயிற்று. புகழ்பெற்ற நிறுவனத்தின் காராக இருந்தாலும், பழையதை வாங்குபவர் இன்றோ நாளையோ சில குறைகள் தோன்றும் என்று எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மற்றையதில், ஃபியட் நிறுவனத்தின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று முன்னர் 24 மணி நேரத்துக்கும் மேல் நீரில் மூழ்கிக் கிடந்து காப்புறுதி நிறுவனத்தால் கைவிடப்பட்டது என்பது வாங்கிய பிறகு தெரியவந்தது. அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தபோதிலும், வாங்கியவர் பக்கமே தீர்ப்பு அமைந்தது. அதாவது, வயதால் வரும் தேய்மானம் வாங்குபவரின் பொறுப்பு. மறைக்கப்பட்ட வரலாறு அப்படியல்ல.

அதற்குப் பின் சட்டம் வாங்குபவருக்குச் சாதகமாக வளர்ந்துள்ளது. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, கார் வணிகரிடம் வாங்கிய காரில் குறை இருந்தால் முதல் 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அதன் பிறகு பழுதுபார்க்க விற்பவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. முதல் ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை விற்பனையின்போதே இருந்தது என்று கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்பவரின் வேலை. உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது என்று ரசீதில் எழுதி, வணிகர் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. இருந்தாலும், எவ்வளவு குறையைக் குறையாகக் கருதலாம் என்பதைக் காரின் வயதும் விலையும் தீர்மானிப்பதால், 1988 இன் மெர்சிடீஸ் தீர்ப்பின் நிழல் இன்னும் நீங்கிவிடவில்லை.

தனிநபரிடம் வாங்கும்போது இந்த உரிமைகளில் பெரும்பாலானவை இல்லை. விவரணைக்கு ஏற்ப கார் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வணிகர்கள் சிலர் தனிநபர்களைப் போல நடிப்பதற்குக் காரணமும் இதுவே, அது குற்றம். வணிகரிடம் வாங்குபவர்களுக்குப் பலரும் அறியாத ஒரு பாதுகாப்பு உண்டு. விலை 30,000 பவுண்டுகளைத் தாண்டாதபோது, முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் செலுத்தினாலும், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆவது பிரிவின்படி முழு விலைக்கும் வங்கி கூட்டுப் பொறுப்பாகிறது. விற்பனை நிலையம் மூடப்பட்டுவிட்டால் கைகொடுப்பது அந்தப் பிரிவு மட்டுமே.

ஒரு நாள் வித்தியாசம்

வாங்கிய பின் வரும் செலவுகளில் காப்புறுதியும் பெட்ரோலும் எதிர்பார்க்கக் கூடியவை. வரியில் மட்டும் ஒரு வியப்பு இருக்கிறது. 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்கு, வெளியிடும் கரியமில வாயுவின் அளவைக் கொண்டு ஆண்டு வரி விதிக்கப்படுகிறது. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் வெளியிடும் கார்களில், 2006 மார்ச் 23 ஆம் தேதிக்கு முன் பதிவானவை ஓர் உச்சவரம்புக்குள் நிற்கின்றன. அன்றும் அதன் பின்னும் பதிவானவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. ஒரே தொழிற்சாலையில், ஒரே வாரத்தில் தயாரான இரண்டு எஸ்.எல். 55 கார்களில், 22 ஆம் தேதி பதிவானதைவிட 23 ஆம் தேதி பதிவானதற்கு ஆண்டுக்கு 300 பவுண்டுகளுக்கும் மேல் கூடுதல் வரி செலுத்த வேண்டியிருக்கிறது. லண்டனில் நிலைமை தலைகீழாகவும் அமையக்கூடும். 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்ட தூய காற்று மண்டலத்தில், யூரோ 4 தரத்தை எட்டாத பெட்ரோல் கார்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டுகள் கட்டணம். பொதுவாக 2006 க்குப் பின் வந்தவை அந்தத் தரத்தை எட்டியவை. அதற்கு முந்தையவற்றில் சிலவும் எட்டியிருக்கும். ஆகவே லண்டனில் வசிப்பவர், விளம்பரத்தில் உள்ள பதிவெண்ணைக் கொண்டு வரி, கட்டணம் இரண்டையும் அரசு இணையதளங்களில் சரிபார்த்த பின்னரே விற்பவரைத் தொடர்புகொள்வது நல்லது.

சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு ஊருக்கு எடுத்துச் சென்றுவிடலாம் என்று எண்ணும் தமிழர்களும் உண்டு. வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் அந்த எண்ணம் தோன்றுவது இயல்பு. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கார்களை இறக்குமதி செய்ய இந்தியா அனுமதிப்பதில்லை. அனுமதிக்கப்படுபவற்றுக்கும் சுங்க வரி மிகக் கடுமையானது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய இலங்கை, 2025 பிப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி அளித்தது. அங்கும் வயது வரம்பு உண்டு. இருபது வயதான எஸ்.எல். ஒன்றை வாங்குபவர், அதை வாங்கிய நாட்டிலேயே, அடுத்த உரிமையாளர் ஒருவருக்குத்தான் விற்க வேண்டியிருக்கும். அவரும் ரசீதுக் கோப்பைக் கேட்பார்.